காலையில் இடிபாடு, மாலையில் கடல்

ஜனவரி 12

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் பொடிசும் சௌக்கியம். குளிர்தான் விடுவதாக இல்லை. உங்கள் இருவர் உடம்பும் எப்படி இருக்கிறது? படி ஏறும்போது அம்மாவின் முழங்கால் இன்னும் கடக் கடக்கென்று சத்தம் போடுகிறதா?

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பரில் எங்கள் கண்ணாடிக் கடையை ஒரு வாரம் மூடுகிறார்கள். மாப்பிள்ளைக்கும் அப்போது விடுப்பு கிடைக்கும். நாம் எல்லோரும் சேர்ந்து எங்காவது போனால் என்ன? கடைக்கு லென்ஸ் மாற்ற வந்த ஒரு அம்மாள் ஒரு கடலோர ஊரைப் பற்றிச் சொன்னார். விடுதியின் பின்கதவைத் திறந்தால் மணலாம். அங்கிருந்து பேருந்தில் கொஞ்ச தூரம் போனால் ஒரு பழைய நகரம். தூண்கள், அரங்கு, குளியல் மண்டபம் என்று எல்லாம் இடிந்து கிடக்கிறதாம். அப்பாவுக்கு வேறென்ன வேண்டும்! மாப்பிள்ளைக்கு மணலில் மல்லாக்கப் படுத்தால் போதும். பொடிசுக்குத் தண்ணீர் போதும்.

பொடிசு உங்களை இன்னும் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். "தாத்தாவுக்கு கால் இருக்கா?" என்று கேட்கிறாள். போட்டோ இடுப்பு வரைதானே!

உங்கள் வீட்டு போன் செத்துக் கிடக்கிறது. எத்தனை முறை முயன்றாலும் ஒரே ஊளைச் சத்தம். சரிசெய்யக் கூடாதா? அம்மாவை ஒரு வரியாவது எழுதச் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் வாலு

ஜனவரி 30

அன்பு மகள் வாலுவுக்கு,

உன் கடிதம் வந்தது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும்.

இதைக் கேட்கவும் வேண்டுமா? கரும்பு தின்னக் கூலியா? கடிதம் கிடைத்த அன்றே நூலகத்துக்குப் போய் அந்தப் பழைய நகரத்தைப் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்துவிட்டேன். அது ஒரு காலத்தில் பெரிய துறைமுகமாம். மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். கப்பி வைத்துப் பாரம் தூக்கியிருக்கிறார்கள். அதாவது, லிஃப்ட்! அப்பா அதைப் பார்க்காமல் யார் பார்ப்பது?

திட்டம் போட்டுவிட்டேன். காலையில் வெயில் ஏறுவதற்குள் இடிபாடு, மதியம் தூக்கம், மாலையில் கடல். இரண்டு கட்சிக்கும் சமநீதி. அம்மாவுக்கும் முழுச் சம்மதம். கடல் என்றால் அவளுக்கு உயிர் என்பதுதான் உனக்குத் தெரியுமே. இப்போதே பெட்டியைத் தூசி தட்டி வைத்திருக்கிறாள்.

அவளே எழுதியிருப்பாள். கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டது. பயப்படும்படி ஒன்றுமில்லை. போனையும் பார்க்கிறேன். ஊர் லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிறவனுக்கு வீட்டு போன் அடங்கமாட்டேன் என்கிறது.

பொடிசிடம் சொல், தாத்தாவுக்கு இரண்டு காலும் உண்டு, இரண்டிலும் செருப்பும் உண்டு.

அன்புடன்,
அப்பா

பிப்ரவரி 20

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் விரல் தேவலையா? எந்தக் கை? டாக்டரிடம் காட்டினீர்களா, அல்லது லிஃப்டுக்குப் போடும் கிரீஸைத் தடவிவிட்டீர்களா?

விடுதிக்கு எழுதி அறைகளைப் பிடித்துவிட்டேன். அவர்கள் அனுப்பிய படங்களில் இரண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்று கடற்கரை, இன்னொன்று இடிந்த அரங்கு. உங்களுக்குக் கடல் பக்கத்து அறையா, தோட்டத்துப் பக்கத்து அறையா என்று கேட்கிறார்கள். கடல் பக்கம் காற்று அதிகமாம், ஜன்னல் அடித்துக்கொண்டே இருக்குமாம். இதை அம்மாதான் சொல்ல வேண்டும்.

ஒரு சந்தேகம். கடல் அம்மாவுக்கு உயிரா? நான் சின்னவளாக இருக்கும்போது ஒரு முறை போனோமே, பைகளைக் காவல் காத்துக்கொண்டு அம்மா மணலிலேயே உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கால்கூட நனைக்கவில்லை.

அம்மாவுக்கென்று தனியாக ஒரு தாள் மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். நீங்கள் படிக்கக் கூடாது. பெண்கள் விஷயம்.

அன்புடன்,
வாலு

மார்ச் 28

அன்பு மகளுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே நலம், அங்கே நலம்தானே?

ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒன்று படுத்துவிட்டது. அதோடு மல்லுக்கட்டியதில் நாள் போனது தெரியவில்லை. இளம் பையன்கள் நாலு பேர் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு முழித்தார்கள். நானும் சேர்ந்து முழித்தேன். கடைசியில் புது மோட்டார்தான் போட வேண்டியிருந்தது.

கடல் பக்கத்து அறையே சொல்லிவிடு. அம்மாவும் அதைத்தான் சொன்னாள். காற்றடித்தால் அடிக்கட்டும், ஜன்னல் கொக்கியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சாயங்காலங்களில் அந்தப் புத்தகத்தை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டுகிறேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்கிறாள். அரங்கின் மேல்படியில் நின்று தீக்குச்சி கிழித்தால் கீழே கேட்குமாம். நீ கீழே நில், நான் மேலே ஏறிக் கிழிக்கிறேன்.

சமையலறையில் ஒரு பாத்திரம் அடிப்பிடித்து வீணாகிவிட்டது. ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டால் மனிதன் செத்தா போவான்? என் நீலச் சட்டைக்கு நானே பித்தான் தைத்தேன். கொஞ்சம் கோணல்தான். கோட்டுக்குள் போனால் யாருக்குத் தெரியும்!

உன் தாளை அம்மாவிடம் கொடுத்தாயிற்று. பிறகு எழுதுவாள்.

அன்புடன்,
அப்பா

ஏப்ரல் 17

அன்புள்ள அப்பா,

நாங்கள் சௌக்கியம். நீங்களும் அப்படித்தான் என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

நீங்கள் பித்தான் தைத்தீர்களா? சூரியன் மேற்கே உதித்ததா? சிரித்துக்கொண்டேதான் படித்தேன். இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "உங்கம்மாவுக்கு உடம்பு சரியில்ல. உங்கப்பா மறைக்கிறாரு" என்றார். அது எனக்கும் தோன்றியதுதான், வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்பா, மறைக்காதீர்கள். அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாளா? நான் கேட்ட பெண்கள் விஷயத்துக்கு ஒரு அம்மா இவ்வளவு நாள் பதில் எழுதாமல் இருக்கமாட்டாள். அதில் நான் எழுதியிருந்தது, பொடிசுக்கு ஒரு தம்பியோ தங்கையோ வரப்போகிறது என்று நினைத்தோம், தங்கவில்லை என்பது. உங்களுக்கு நேராகச் சொல்லக் கூச்சமாக இருந்தது. இப்போது சொல்லிவிட்டேன். எனக்கு உடம்பு தேறிவிட்டது. ஆனால் அம்மாவின் கையெழுத்தைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

இடிபாடுகளில் கல்லும் கரடுமாக இருக்குமாம். அம்மாவுக்கு நல்ல காலணி ஒன்று இங்கிருந்தே வாங்கி வருகிறேன். அளவு மட்டும் கேட்டு எழுதுங்கள்.

வாலு

மே 25

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கண்டு மனம் மிகவும் வேதனைப்பட்டது. உடம்பைக் கவனித்துக்கொள். கனமான எதையும் தூக்காதே. மாப்பிள்ளையைத் தூக்கச் சொல்.

அம்மாவுக்கு எந்த நோயும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். நன்றாக நடக்கிறாள், படியும் ஏறுகிறாள். அவளிடம் சொன்னேன், நீ திடமாக இருக்க வேண்டும் என்றாள்.

காலணி விஷயம். நடுத்தர அளவு என்று நினைக்கிறேன். சந்தேகம் இருந்தால் பெரியதாகவே வாங்கிவிடு, உள்ளே பஞ்சு வைத்துக்கொள்ளலாம். அவளைக் கேட்டால் "உங்க இஷ்டம்" என்கிறாள். ஆயுசு முழுக்க அவளிடம் எதைக் கேட்டாலும் அதே பதில்தானே!

செப்டம்பர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

அப்பா

ஜூன் 19

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும். குழந்தைக்குப் பிறந்த நாள் வருகிறதே என்று ஒரு கவுன் தைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வளர்ந்திருப்பாள் என்று கொஞ்சம் இறக்கமாகவே தைத்தேன்.

நான் வீட்டை விட்டு வந்ததை அப்பா உனக்கு எழுதியிருப்பார். நவம்பரிலேயே அவரிடம், "பொண்ணுக்கு நீங்களே சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இந்த முகவரியையும் பிறகு அவருக்கு எழுதினேன். உன்னிடமிருந்து ஒரு வரியும் வராததால் நீ என்மேல் கோபமாக இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். கோபப்பட உனக்கு உரிமை உண்டு. ஆனாலும் குழந்தை பிறந்த நாளுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

சைக்கிள் கடை மாடியில் ஓர் அறையில் இருக்கிறேன். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். கீழே நாள் முழுக்க மணி அடித்துப் பார்ப்பார்கள். ஒரு லாண்டரியில் வேலை. படுக்கை விரிப்புகளை இரண்டு பேராக நின்று மடிக்க வேண்டும். எதிரே நிற்கிற பெண்ணுக்கும் எனக்கும் நல்ல பொருத்தம். பேச்சில்லை, கை மட்டும் ஓடும்.

ஏன் வந்தாய் என்று நீ கேட்பாய். அப்பா என்னை அடித்ததில்லை, குடித்ததில்லை. அதனால் ஊருக்குச் சொல்ல என்னிடம் காரணம் இல்லை. உன்னிடம் மட்டும் நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் ஜன்னல் திரைக்குத் துணி வாங்கப் போனோம். கடைப் பெண் என்னைப் பார்த்து, "உங்களுக்கு எது பிடிச்சிருக்கும்மா?" என்று கேட்டாள். "அவளுக்கு நீலம்தான்" என்றார் அப்பா. அந்தப் பெண் விடவில்லை. "இல்ல சார், அவங்க சொல்லட்டுமே" என்றாள். நானும் துணிகளைப் பார்த்தேன். நீலம், பச்சை, மஞ்சள். ரொம்ப நேரம் பார்த்தேன். எனக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. யோசிக்க யோசிக்க உள்ளே ஒன்றுமே இல்லை, வாலு. வெறும் அறை மாதிரி இருந்தது. கடைசியில் நீலத்தையே வாங்கி வந்தோம். அன்றைக்கு வந்த பயம் அப்புறம் போகவே இல்லை.

நவம்பரில் ஒரு நாள் சாப்பிடும்போது, "நான் தனியா போய் இருக்கப் போறேன்" என்று சொன்னேன். "சரி சரி, மொதல்ல சாப்பிடு" என்றார். மறுநாள் பெட்டியைத் தெரு வரைக்கும் அவரே தூக்கி வந்தார். சித்தி வீட்டுக்குப் போய் நாலு நாளில் வந்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறார்.

இங்கே வந்தால் எனக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன். இன்னும் தெரியவில்லை. கடைக்குப் போனால் கைக்குக் கிடைத்ததை எடுத்து வருகிறேன்.

கவுன் சரியாக இருக்கிறதா என்று மட்டும் எழுது.

அம்மா

ஜூலை 8

அம்மா,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இதற்கு முன் மூன்று தாள்களை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அப்பா எனக்கு எதுவுமே எழுதவில்லை. நீ கதவில் விரலை நசுக்கிக்கொண்டாய் என்று எழுதினார். நீ பெட்டியைத் தூசி தட்டி வைத்தாய், புத்தகம் வாசிப்பதை வாய் திறக்காமல் கேட்கிறாய் என்றெல்லாம் எழுதினார். நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இவ்வளவு மாதம் நீ அங்கே தனியாக உட்கார்ந்திருந்தாயா? நீ நோயில் கிடக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு நான் இங்கே தவித்தேன். எனக்கு ஒன்று நடந்தது, அதையும் ஒரு தாளில் உனக்கு எழுதினேன். அது உன் கைக்கு வரவே இல்லை என்று இப்போதுதான் புரிகிறது.

அம்மா, செப்டம்பரில் நாம் எல்லோரும் ஒரு கடலோர ஊருக்குப் போவதாக ஏற்பாடு. உன் பெயரையும் சேர்த்துத்தான் அறை பிடித்தேன். பக்கத்தில் பழைய நகரம் ஒன்று இருக்கிறது. நீ கட்டாயம் வர வேண்டும். அப்பாவோடு ஒரே அறையில் இருக்க வேண்டாம். உனக்குத் தனியாகத் தோட்டத்துப் பக்கம் அறை மாற்றிக் கேட்டிருக்கிறேன், உனக்கு அமைதிதான் பிடிக்கும். காலணிகூட வாங்கிவிட்டேன். லாண்டரியில் இப்போதே விடுப்பு சொல்லிவிடு. மறுக்காதே. வந்து உட்கார்ந்து பேசினால் எல்லாம் ஒரு வழிக்கு வரும்.

கவுன் அளவெடுத்தாற்போல் இருக்கிறது. கழற்றமாட்டேன் என்கிறாள்.

உன் வாலு

ஆகஸ்ட் 11

என் கண்ணுக்கு,

நான் சுகம். உன் உடம்பு இப்போது எப்படி? நீ எழுதிய தாளைப் படித்துவிட்டேன். எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா இங்கே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு புத்தகம், நீ அனுப்பிய இரண்டு படம், பிரிக்காத உன் தாள். படி ஏறியதில் மூச்சு வாங்கியது. "இந்தக் கட்டிடத்துல லிஃப்ட் வைக்கலாம், எடம் இருக்கு" என்றார். நாற்காலியில் உட்காரவைத்துத் தேநீர் போட்டேன். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் திரை எதுவும் போடவில்லை நான். அதைக் கவனித்தாரா, தெரியாது.

இரண்டு படத்தையும் என் முன்னால் வைத்தார். "பொண்ணு எல்லா ஏற்பாடும் பண்ணிட்டா. நான் எதுவும் சொல்லல. நீயே சொல்லு, ஒனக்குக் கடலா, இடிபாடா?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை இப்படிக் கேட்டதில்லை. பாவம், அதைக் கேட்க எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று தெரிந்தது. அவருக்காகவாவது ஏதாவது ஒன்றைக் கைகாட்டியிருக்கலாம். பொய் சொல்ல மனம் வரவில்லை. "தெரியலங்க. நான் வரலை" என்றேன்.

அவர் இரண்டு படத்தையும் அடுக்கிப் புத்தகத்துக்குள் வைத்தார். "ரெண்டும் வேணாம்னா மலைக்குப் போலாம். பொண்ணுகிட்ட சொல்லி மாத்திடலாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். எழுந்து, "அப்ப சரி. நான் முன்னாடியே போயி அறையெல்லாம் பாத்து வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார். "நான் வரலைங்க" என்று படிக்கட்டில் நின்று மறுபடியும் சொன்னேன். கீழே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நீ அவருக்கு எழுதிவிடு. நான் வரமாட்டேன். தோட்டத்துப் பக்கத்து அறையையும் வேண்டாம் என்று சொல்லிவிடு. அமைதி பிடிக்கும் என்று எழுதியிருந்தாய். எனக்கு அதுவும் தெரியாது. உன் மேல் வருத்தம் இல்லை.

அந்தத் தாளைப் படித்த அன்று வேலைக்குப் போகவில்லை. உன் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அம்மா

ஆகஸ்ட் 29

அன்புள்ள அப்பா,

சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்றுதான் எழுதுவீர்கள். அதனால் கேட்கவில்லை.

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அம்மா வரவில்லை, அப்பா. வரமாட்டாள். உங்களிடம் இரண்டு முறை சொன்னாளாம்.

விடுதியில் அறைகளை வேண்டாம் என்று எழுதிவிட்டேன். மாப்பிள்ளை, "அதனால என்ன, உங்கப்பாவையாவது கூட்டிட்டுப் போவோம்" என்றார். என்னால் முடியாது. நாமிருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அம்மாவைப் பற்றிப் பேசாமல் ஒரு வாரம் இருக்க வேண்டும். அல்லது பேச வேண்டும். இரண்டுக்கும் எனக்குத் தெம்பு இல்லை. நீங்கள் எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் எடுத்துப் பார்க்கிறேன். "சொன்னாள்", "சொன்னாள்" என்று எத்தனை இடத்தில்! படிக்கிற என்னைப் பற்றி நினைத்தீர்களா?

உங்களைத் திட்டத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன். இத்துடன் முடிக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள். போனைச் சரிசெய்யுங்கள்.

வாலு

செப்டம்பர் 14

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பொடிசும் சுகமாக இருக்க வேண்டும். கீழ்வீட்டுக்காரர் திருப்பி அனுப்பிய உன் கடிதம் நேற்று இங்கே கிடைத்தது. நான் கடலோர ஊரில் இருக்கிறேன்.

அது வீட்டுக்கு வருவதற்குள் கிளம்பிவிட்டேன். முதல் நாளே விடுதிப் பெண், "உங்க பொண்ணு வேணாம்னு எழுதிட்டாங்களே சார்" என்றாள். ஏதோ தவறு நடந்திருக்கும் என்று நினைத்து ஓர் அறை கேட்டு வாங்கிக்கொண்டேன். கடல் பக்கம்தான். ஜன்னல் கொக்கியைச் சரிசெய்துவிட்டேன். பேருந்து வரும் நேரத்துக்கெல்லாம் போய் நின்றேன். நீங்கள் வராவிட்டாலும் உன் அம்மா வருவாள் என்று நினைத்தேன். ஓட்டுநர் என்னைப் பார்த்தாலே உதட்டைப் பிதுக்க ஆரம்பித்துவிட்டார்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இன்று காலை அந்தப் பழைய நகரத்துக்குப் போனேன். அறையில் இருக்க முடியவில்லை. ஒரு கூட்டத்தோடு சேர்ந்து நடந்தேன். வீடுகள் எல்லாம் தரை மட்டும்தான் மிச்சம். வாசற்படி இருக்கிறது, கதவு இல்லை. அடுப்பு இருந்த இடம் கறுத்துக் கிடக்கிறது. யாரோ ஒருவர் வழிகாட்டியிடம், "என்ன நடந்துச்சு? போரா, பூகம்பமா?" என்று கேட்டார். வழிகாட்டி சொன்னான், "ஒண்ணும் நடக்கல சார். தொறமுகத்துல கொஞ்சம் கொஞ்சமா மணல் சேந்துச்சு. யாரும் கவனிக்கல. ஒவ்வொரு குடும்பமா கெளம்பிப் போயிட்டாங்க."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஒண்ணுமே நடக்காம எவனாவது வீட்ட விட்டுப் போவானா? தெரியலன்னா தெரியலன்னு சொல்லு!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை தன் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. வழிகாட்டி நல்லவன். என்னை நிழலில் ஒரு கல்லில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனான்.

சாயங்காலம் கடற்கரைக்கு வந்தேன். கூட்டம் அதிகம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச தூரம் தண்ணீரில் நடந்தேன். பக்கத்தில் பேச ஆள் இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே அறைக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். நாளை முதல் பேருந்தில் கிளம்புகிறேன். வீட்டுக்குத்தான், வேறெங்கே போவது?

அவள் சொல்லாததையெல்லாம் நான் எழுதினேன் என்கிறாய். எழுதும்போது அவள் சொல்வதாகத்தான் என் காதில் விழுந்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் அவள் அறைக்குப் போன அன்று அவள் சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். எத்தனையோ வருஷமாக அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அது சம்மதம் இல்லையென்றால் வேறென்ன? எனக்கு உண்மையாகவே தெரியவில்லை, வாலு. உனக்குத் தெரிந்தால் எழுது.

அப்பா